வகுப்பை ஒலியாக்க என்ன வாங்கலாம்? பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கணக்கு

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். பாடங்களை ஒலிப்பதிவு செய்து பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், அதற்கு என்ன சாமான் தேவையோ வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. பணம் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் அறையில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. மேசையில் நிற்கும் பெரிய மைக் வேண்டும் என்றது ஒரு கட்சி. சட்டையில் குத்தும் வயர் இல்லாத மைக் போதும் என்றது இன்னொன்று. கையில் போன் இருக்கும்போது எதற்கு வெட்டிச் செலவு என்றது மூன்றாவது. நான் முதலில் மூன்றாவது கட்சியில் இருந்தேன். இரண்டு மாதம் எல்லாவற்றையும் இரவல் வாங்கிப் பார்த்த பிறகு வேறு ஒரு இடத்தில் வந்து நிற்கிறேன்.

வீடியோ எடுக்காமல் ஒலி மட்டும் எதற்கு என்று பலர் கேட்டார்கள். நான் இயற்பியல் எடுக்கும் பள்ளி முக்கூடல் பக்கம். பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். சாயங்காலம் வீடு திரும்பிய பெண்பிள்ளைகள் அம்மாவுக்கு ஒத்தாசையாகச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பொதுமுடக்கக் காலத்தில் நான் அனுப்பிய வீடியோக்களை ஏன் பார்க்கவில்லை என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டதற்கு, “அதப் பாத்துக்கிட்டே வெட்டுனா இலை கோணிப்போவுது சார்” என்றாள். காதால் கேட்டுக்கொண்டே கைவேலை பார்ப்பது இந்த வீடுகளுக்குப் புதிதல்ல. நெல்லை வானொலி 1963இல் தொடங்கியது. பீடித் தட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்த காலம் எனக்கே நினைவிருக்கிறது. பாடமும் அந்த வழியாகவே உள்ளே போய்விடலாம் என்பதுதான் என் கணக்கு.

வகுப்பிலேயே பதிவா, தனியே பதிவா

மைக் கடைக்குப் போவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். நடக்கும் வகுப்பை அப்படியே பதிவு செய்வதா, அல்லது அதே பாடத்தைத் தனியாக உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்வதா? இது தெரியாமல் சாமான் வாங்கினால் பாதிப் பணம் வீண்.

நடக்கும் வகுப்பைப் பதிவு செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். எடுத்துக் கேட்டால்தான் தெரியும். நாற்பத்தைந்து நிமிடத்தில் வருகைப் பதிவு, சாக்பீஸ் தேடல், “பின்னால என்னல சத்தம்”, கரும்பலகையில் எழுதும்போது வரும் நீண்ட மௌனம் எல்லாம் போகப் பாடம் இருபது நிமிடம் தேறினால் அதிகம். என் பாடத்தில் இன்னொரு வம்பு. “இதை இதால் வகுத்தால் இது வந்துவிடும்” என்று பலகையைத் தட்டிச் சொல்லியிருப்பேன். எதை எதால் வகுத்தேன் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? தனியாகப் பேசும்போது “மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம்” என்று வாய் தானாகச் சொல்கிறது. பாடநூலின் பக்க எண்ணையும் சொல்லிவிட்டால் படம் பார்க்க வேண்டியவர்கள் புத்தகத்தைத் திறந்துகொள்வார்கள்.

வகுப்பைப் பதிவு செய்தால் பிள்ளைகளின் குரலும் விழும். தப்பாகப் பதில் சொன்ன பையனின் குரல் ஊரெல்லாம் சுற்றினால் அவன் அடுத்த முறை வாயே திறக்க மாட்டான். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தாலே போதும். நாங்கள் குரல் விழுந்த இடங்களை வெட்டிவிடுகிறோம்.

ஆனால் எங்கள் தமிழையா இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆளில்லாத அறையில் மைக்கைப் பார்த்துச் செய்யுள் சொன்னால் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது என்றார். சோதித்துப் பார்த்தோம், அவர் சொன்னதுதான் சரி. அறுபது முகங்கள் முன்னால் இருந்தால் சந்தத்தோடு ஏறி இறங்கும் குரல், தனியறையில் நொண்டியடித்தது. அதனால் அவருக்கு வகுப்புப் பதிவு, எனக்கும் வரலாறு எடுக்கும் டீச்சருக்கும் தனிப்பதிவு என்று பிரித்துக்கொண்டோம். இதுவே சாமான் பட்டியலையும் பாதி எழுதிவிட்டது.

அறையும் காற்றும்

திருநெல்வேலி டவுனில் ஒலிபெருக்கி பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் மைக் விலை கேட்கப் போயிருந்தேன். “மைக்கு இருக்கட்டும் சார். நீங்க எங்க உக்காந்து பேசப்போறீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல” என்றார். அவர் அன்று எனக்கு எதையும் விற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை.

ஒரே போனை வைத்து ஒரே பத்தியை மூன்று இடத்தில் வாசித்துப் பதிவு செய்தேன். காலி வகுப்பறையில் கான்கிரீட் சுவரும் மொசைக் தரையும் சேர்ந்து குரலைக் கிணற்றுக்குள் தள்ளின. பழைய விடைத்தாள் கட்டுகள் கிடக்கும் ஸ்டோர் ரூமில் அதே குரல் சட்டென்று பக்கத்தில் வந்தது. வீட்டில் மெத்தையும் துணி அடைத்த பீரோவும் உள்ள படுக்கையறையில் இன்னும் நன்றாக இருந்தது. கடினமான சுவர் குரலைத் திருப்பி அடிக்கிறது, துணியும் தாளும் விழுங்கிவிடுகின்றன. ஸ்டுடியோக்காரர்கள் சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு செய்யும் வேலையில் பாதியை இரண்டு ஜமுக்காளம் செய்துவிடும்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கினால் நேராக வந்து சேரும் குரல் சுமார் 6 டெசிபெல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் மேசையில் நாலடி தள்ளி வைத்த விலை உயர்ந்த மைக்கை, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்த சாதாரண போன் தோற்கடிக்கிறது. இதை நான் என் காதால் கேட்கும் வரை நம்பவில்லை.

மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊரில் பத்து நிமிடம் விசிறி இல்லாமல் இருப்பது தவம். நான் காலை ஐந்தரைக்குப் பதிவு செய்கிறேன். கோழி கூவும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கோயில் திருவிழாவான கொடை நடக்கும் வாரத்தில் மட்டும் எதுவும் செய்ய முடியாது. கோயில் குழாய் ரேடியோவை எந்த மென்பொருளாலும் பாடத்திலிருந்து பிரிக்க முடியவில்லை, அந்த வாரம் விடுமுறை.

பணகுடி, ராதாபுரம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குக் காற்றுதான் பெரிய எதிரி. அங்கே காற்றாலை நட்டது சும்மா இல்லை. தென்மேற்குப் பருவம் அடிக்கும் ஆனி, ஆடியில் மேற்கு ஜன்னல் திறந்திருந்தால் மைக்கில் ‘பட பட’வென்று லாரி ஓடும். மைக் தலையில் போடும் ஸ்பாஞ்சு உறை வாயிலிருந்து வரும் காற்றைத்தான் தடுக்கும். வெளிக்காற்றுக்கு முயல்குட்டி மாதிரி மயிர் வைத்த உறை வேண்டும். அது நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஜன்னலைச் சாத்துவது இலவசம்.

எந்த மைக்

முதலில் வெறும் போன். அழைப்பு குறுக்கிடாதபடி விமான நிலைக்கு (ஃபிளைட் மோட்) மாற்றிவிட்டு, கீழ்ப்பக்கத் துளையை விரல் மறைக்காமல், வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பேசினால், ‘ப’ சொல்லும்போது வெடிக்கும் சத்தமும் இருக்காது. ஒரு வாரம் இப்படியே செய்து பாருங்கள் என்பதுதான் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது. ஐந்து பாடம் பதிவு செய்யும் பொறுமை நமக்கு இருக்கிறதா என்பது காசு போடாமலேயே தெரிந்துவிடும். குறை என்னவென்றால் கை வலிக்கும், பக்கம் புரட்ட முடியாது, பேசப் பேசக் கை தானாகக் கீழே இறங்கும், குரலும் கூடவே இறங்கும்.

போனோடு வரும் இயர்போனின் மைக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காலரில் உரசிக்கொண்டே இருக்கிறது.

சட்டையில் குத்தும் வயர் மைக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பணம் பெரும்பாலும் அங்கேதான் போனது. போயா பிஒய்-எம்1 என்ற மாடலைக் கல்யாண வீடியோ எடுப்பவர் முதல் யூடியூபர் வரை எல்லோரிடமும் பார்க்கலாம். விலை ஆயிரத்தை ஒட்டி. ஆறு மீட்டர் வயர். வகுப்புக்கு இது ரொம்ப நீளம், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு சிறிய டப்பா, அதில் போனுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று சுவிட்ச். போன் பக்கம் இருந்தால் பேட்டரி தேவையில்லை, கேமரா பக்கம் வைத்தால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பொத்தான் பேட்டரி செலவாகும். சுவிட்சைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டு மைக் கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான் ஒருவன்.

வேறு கம்பெனி மைக் வாங்கினால் செருகும் முள்ளைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனில் வேலை செய்யும், இரண்டு மட்டும் இருந்தால் அது கேமராவுக்கு ஆனது. இப்போது வரும் பல போன்களில் அந்தத் துளையே இல்லை, டைப்-சி கன்வெர்ட்டர் போட வேண்டும். அதிலும் சில பாட்டுக் கேட்க மட்டும்தான் ஆகும், மைக்கை ஏற்காது. போனைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே பதிவு செய்து பார்த்து வாங்குவது நல்லது. பதிவு ஓடும்போது குத்திய மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது ‘கரகர’ என்று பெரிதாக வந்தால் சரி. வராவிட்டால் போன் தன் சொந்த மைக்கில்தான் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் ஒரு வாரம் மைக்கை மாட்டிக்கொண்டு போன் மைக்கிலேயே பேசினேன்.

இந்த மைக்கை எங்கே குத்துவது என்று கம்பெனிக்காரர்கள் போடும் படத்தில் எப்போதும் சட்டை போட்ட ஆண்தான் இருப்பார். வரலாறு டீச்சர் முதல் நாள் சேலை முந்தானையில் குத்தினார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. அவர் மூச்சு விட்டால்கூடச் சருகு மிதிப்பதுபோல் கேட்டது. இடம் மாற்றிக் கீழே குத்தினால் தாலிச் சங்கிலி வந்து தட்டியது. மூன்றாவது நாள் தோள் பக்கம் பின் குத்தும் மடிப்பின் ஓரத்தில், சங்கிலிக்கு எதிர்ப் பக்கமாக வைத்தோம். மெல்லிய பழைய சேலை, மைக் தலை துணிக்கு வெளியே, வயரில் ஒரு சின்ன வளைவு விட்டு ஒட்டுத் துண்டு. அப்புறம்தான் சரியானது. போன் வைக்கச் சேலையில் பை ஏது? பேருந்து நடத்துனர் பை மாதிரி ஒரு சின்னப் பையைத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

வயர் இல்லாத மைக்குகள் இப்போது ஐந்நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. பெட்டியைப் பிரித்ததும் ஆசையாக இருக்கும். மலிவானவற்றை நான் இரண்டு முறை இரவல் வாங்கிப் பார்த்தேன். சார்ஜ் போட மறந்த அன்று பாடம் இல்லை. பெரும்பாலும் வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால், திரும்பி நின்று பலகையில் எழுதும்போது இடையிடையே விட்டு விட்டுப் போயிற்று. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று உள்ளேயே ஏதோ செய்து குரலையும் தகர டப்பாவுக்குள் தள்ளிவிடுகிறது. ரோட், டிஜேஐ போன்ற கம்பெனிகளின் நல்ல மாடல்கள் வேறு ரகம், குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை வாங்கினாலே எங்கள் பணத்தில் பெரும்பகுதி போய்விடும், மூன்று பேர் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். போன் சட்டைப் பையிலேயே இருக்கும்போது வயர் ஒரு தடையே இல்லை என்பதைத் தமிழையா நடந்து காட்டினார். மைக் காலரில், போன் பையில், ஐயா வகுப்பெல்லாம் சுற்றி வருகிறார்.

மேசையில் நிற்கும் யூஎஸ்பி மைக் லேப்டாப் உள்ளவர்களுக்கு. இதில் இரண்டு சாதி. கண்டென்சர் வகை மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும். மாவோனோ, ஃபைஃபைன் என்று நாலாயிரம், ஐயாயிரத்துக்குள் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். அடங்கிய அறையில் அழகாக இருக்கும். பள்ளி ஸ்டோர் ரூமில் வைத்தபோது பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும், சத்துணவுக் கூடத்துப் பாத்திரமும் பாடத்தில் சேர்ந்துவிட்டன. டைனமிக் வகை கொஞ்சம் செவிடு. நாலு விரல் தூரத்தில் வாயை வைத்துப் பேசினால்தான் எடுக்கும், அதனாலேயே மற்ற சத்தத்தை விட்டுவிடும். சாம்சன் க்யூ2யூ போன்றவை இந்த வகை, யூஎஸ்பியிலும் மேடை மைக் வயரிலும் இரண்டிலும் வேலை செய்யும். சத்தமான நம் பள்ளிக்கூடங்களுக்கு டைனமிக்தான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கடைகளில் பளபளப்பாக அடுக்கி வைத்திருப்பதும் விளம்பரத்தில் வருவதும் கண்டென்சர்தான்.

கடைசியாகப் பாக்கெட் ரெக்கார்டர். ஜூம் எச்1என் மாதிரி ஒன்றைக் கையடக்கமாக வைத்துக்கொண்டால் போன் அழைப்பு, பேட்டரி, மெமரி நிறைந்துவிட்டது என்ற தொல்லை எதுவும் இல்லை. இரண்டு பென்சில் பேட்டரியில் ஒரு முழுப் பள்ளி நாளும் ஓடும். 2024இல் வந்த எச்1எசென்ஷியலில் 32-பிட் ஃப்ளோட் என்ற வசதி இருக்கிறது. அதாவது, ஒலி அளவை முன்கூட்டியே திருகி வைக்க வேண்டியதில்லை. மெதுவாகச் செய்யுள் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று “ஏல!” என்று கத்தினாலும் ஒலி உடையாது, பிறகு குறைத்துக்கொள்ளலாம். வகுப்பைப் பதிவு செய்பவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி. விலைதான் பத்தாயிரத்தை ஒட்டி நிற்கிறது.

வெட்ட, ஒட்ட, சுத்தம் செய்ய

மென்பொருளில் நான் அதிகம் அலையவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. பார்க்க அழகாக இருக்காது, முதல் நாள் பயமுறுத்தும். எனக்குத் தேவைப்படுவது அதில் நாலே வேலை.

பதிவைத் தொடங்கியதும் ஐந்து விநாடி பேசாமல் இருப்பேன். அந்த மௌனத்தைத் தேர்ந்தெடுத்து ‘இதுதான் இரைச்சல்’ என்று ஆடாசிட்டிக்குக் காட்டினால், பாடம் முழுவதிலிருந்தும் அந்த இரைச்சலைக் குறைத்துவிடும். பேராசைப்பட்டு அளவைக் கூட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பேசும்போது தப்பு வந்தால் நிறுத்த மாட்டேன், ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்வேன். திரையில் கைதட்டல் பனைமரம் மாதிரி உயர்ந்து நிற்கும், அதைப் பார்த்து முன்னால் உள்ளதை வெட்டினால் போதும். நீண்ட மௌனங்களைத் தானாகச் சுருக்க ஒரு கட்டளை இருக்கிறது, தமிழையாவின் வகுப்புப் பதிவுக்கு அது வரப்பிரசாதம். கடைசியாக ஒலி அளவைச் சமன் செய்வது. பாட்காஸ்டுகளுக்கு ஸ்டீரியோவில் (இரண்டு தடம்) மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ், மோனோவில் (ஒற்றைத் தடம்) மைனஸ் 19 என்பது, அதாவது காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அளவு, பலரும் பின்பற்றும் கணக்கு. இதைச் செய்யாவிட்டால் என் பாடம் முணுமுணுக்கும், டீச்சர் பாடம் காதைக் கிழிக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. போன்கள் பெரும்பாலும் எம்4ஏ கோப்பாகச் சேமிக்கின்றன. விண்டோஸில் அதைத் திறக்க ஆடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரல் தனியாகப் போட வேண்டும். வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் வேவ் இடம் பிடிக்கும்: மோனோவில் நாற்பத்தைந்து நிமிடம் சுமார் 240 எம்பி.

லேப்டாப்பே இல்லையென்றால் போனிலேயே வெட்டும் செயலிகள் உண்டு. டால்பி ஆன் பதிவு செய்யும்போதே ஓரளவு சுத்தம் செய்து தருகிறது. பத்து நிமிடத் தனிப்பதிவுக்கு அது போதும். விரலால் வெட்டுவது மட்டும் எனக்குச் சரிப்படவில்லை, வயதாகிவிட்டது போலிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வைத்து ஒரே சொடுக்கில் ஸ்டுடியோத் தரம் தருகிறோம் என்னும் இணையத் தளங்களையும் பார்த்தேன். ஒன்றில் தமிழையாவின் பதிவை ஏற்றினோம். இரைச்சல் சுத்தமாகப் போயிற்று. கூடவே அவருடைய ழகரமும் போயிற்று. தேய்ந்து ‘ல’வுக்கும் ‘ய’வுக்கும் நடுவே ஏதோ ஒன்றாக நின்றது. ஐயா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்த விதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. இயற்பியலுக்கு வேண்டுமானால் ஒத்துவரும், முழுப் பதிவையும் ஒருமுறை கேட்டுவிட்டு.

பிள்ளைகள் கைக்கு எப்படிப் போகும்

எந்த வழியானாலும் கோப்பு சிறியதாக இருக்க வேண்டும். பேச்சுக்கு மோனோ, 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 போதும். நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு, பத்து நிமிடப் பாடம் 5 எம்பிக்குள் அடங்கும். பட்டன் போனிலும் பாடும்.

வாட்ஸ்அப் குழு எல்லோரிடமும் இருக்கிறது, அதுவே அதன் ஒரே பெருமை. நடுவில் சேரும் பிள்ளைக்குப் பழைய பாடம் முழுதும் கிடைக்காது, குட் மார்னிங் பூக்களுக்கு நடுவே ஓம் விதியைத் தேட வேண்டும். டெலிகிராம் சேனலில் முதல் பாடத்திலிருந்து வரிசையாக இருக்கும், திரையை அணைத்தாலும் ஓடும். யூடியூபில் ஒரு படத்தை வைத்து ஏற்றலாம். கட்டணச் சந்தா இல்லாமல் போன் திரையை அணைத்தால் பாட்டு நின்றுவிடும், பீடி சுற்றுபவருக்கு இது உதவாது. முறையான பாட்காஸ்டாக வெளியிட ஸ்பாட்டிஃபையின் இலவச வழி இருக்கிறது. ஆங்கர் என்ற பெயரில் இருந்ததை அவர்கள் 2019இல் வாங்கி, அதன் பிறகு இரண்டு முறை பெயரை மாற்றிவிட்டார்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடியே போயிற்று. எங்கே ஏற்றினாலும் மூலப் பதிவை ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

நாங்கள் டெலிகிராமில் வைத்து, வாட்ஸ்அப்பில் இணைப்பை மட்டும் போடுகிறோம். ஸ்மார்ட்போனே இல்லாத சில வீடுகளுக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கிறோம். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் பட்டன் போனில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அதனால் எண் மட்டும்.

பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது, குத்தும் வயர் மைக்கே போதும் என்ற என் முடிவை அவர் ஏற்கவில்லை. அவருடைய பிள்ளைகளுக்கு ஒலிதான் பாடநூல்; இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, திரும்பத் திரும்பக் கேட்பார்கள். என் பிள்ளைகள் மன்னிக்கும் இரைச்சல் அந்த வேகத்தில் எழுத்தையே தின்றுவிடும் என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் டைனமிக் யூஎஸ்பி மைக்கும், பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று சின்னச் சின்னப் பிரிவுகளும்தான் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் கணக்கு இப்படி முடிந்தது. குத்தும் வயர் மைக் மூன்று, 2,700. டைப்-சி கன்வெர்ட்டர் மூன்று, 900. காதை மூடும் ஹெட்போன் ஒன்று, 1,200; இது இல்லாமல் வெட்டி ஒட்டும் வேலையில் இறங்காதீர்கள். பென் டிரைவ் இரண்டு, 800. பொத்தான் பேட்டரி நூறு ரூபாய்க்கு. மொத்தம் 5,700. மீதி 9,300 ரூபாய்க்கு உடனே ரெக்கார்டர் வாங்கிவிடலாம் என்று தமிழையா ஒற்றைக் காலில் நின்றார். அரையாண்டு வரை போனிலேயே ஓட்டுவோம், முப்பது பாடம் தேறினால் வாங்குவோம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். இதுவரை பத்தொன்பது.

அந்த மீதியிலிருந்து இதுவரை எடுத்த ஒரே செலவு, ஸ்டோர் ரூம் சுவருக்கு இரண்டு ஜமுக்காளம். ஒலிப்பதிவுச் சாமான் என்று போட்டிருக்கிறீர்கள், பில்லோ ஜவுளிக்கடையிலிருந்து வந்திருக்கிறதே என்று பள்ளி ஆபீஸில் கேட்டார்கள். தலைமையாசிரியை அந்த ஸ்டோர் ரூமுக்குள் போய், கதவைச் சாத்தி, ஒருமுறை கைதட்டிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.